கணையம்

அகராதியில் இரண்டு பொருள் கிடக்கிறது.
ஒன்று, இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சுரப்பி.
மற்றது, கோட்டைக் கதவுக்குக் குறுக்கே போடும் மரம்,
யானை முட்டினாலும் திறக்காதபடி.

என்னிடம் இரண்டும் இல்லை.

டொக்டர் பிரிங்க்மன் தாளின் பின்புறத்தில்
மீன் மாதிரி ஒன்றை வரைந்தார்.
தலை, உடல், வால்.
தலையை மட்டும் வெட்டினால் போதாதா என்றேன்.
வால் வரைக்கும் கட்டி, என்றார்.
மீன் வாங்கிப் பழக்கமில்லாத சைவக்காரி,
அதற்கு மேல் பேரம் பேசத் தெரியவில்லை.

ஏழரை மணித்தியாலம் எடுத்ததாம்.
ஏழரை என்றதும் குகதாசன்
ஹம் கோயிலுக்கு ரயிலேறி எள்ளெண்ணெய் எரித்தார்.
மண்ணீரலும் பித்தப்பையும் கூடவே போய்விட்டன,
அழைப்பில்லாமல் கலியாணத்துக்குக் கிளம்பும் அயலவர் போல.

இப்போது சாப்பாட்டுக்கு முன் குளிசை.
உள்ளே இருப்பது பன்றியின் கணையம், பொடியாக.
ஐம்பத்து மூன்று வருடம் முட்டைகூடத் தொடாத வாய்.
விழுங்க மறந்தால்
இட்லி இட்லியாகவே ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியேறும்.
குகதாசன் ஐயரிடம் கேட்டார்.
ஐயர் நெடுநேரம் யோசித்து
மருந்துக்கு விலக்கு உண்டு என்றார்.
பன்றியை ஒருவரும் கேட்கவில்லை.

மேற்கையில் ஒரு வெள்ளை வில்லை.
ஐந்து நிமிடத்துக்கொருக்கால்
என்னைப் பற்றி ஓர் எண் சொல்கிறது.
போக்கமில் மகள் தாரகாவின் போனிலும் அதே எண்.
விரிவுரை நடுவே அவளுக்குத் தெரியும்
அம்மா களவாக மாம்பழம் சாப்பிட்டது.

மற்றச் சீனி வருத்தக்காரருக்கு
இறங்கும்போது ஈரல் கொஞ்சம் கைகொடுக்குமாம்.
எனக்கு, ஈரலுக்குச் சேதி அனுப்புகிற ஆளும்
அந்த மீனோடு போய்விட்டது.

மாசி மாதம், தொங்கு ரயில்,
கீழே வுப்பர் ஆறு கறுப்பாக.
வெர்த்தர் பாலம் தாண்டியதும்
பெட்டி ஆடுகிறதா நானா என்று தெரியவில்லை.
போன் கைப்பைக்குள் கத்துகிறது,
யாருடைய பிள்ளையோ அழுவது போல.
பைக்குள்தான் பழச்சாறு. சிப்பை எப்படித் திறப்பது?
முன்னால் ஒருவன் நின்று ரிக்கெற் கேட்கிறான்.
‘ட்சுக்கர்’ என்ற சொல் முப்பது வருடமாக என்னிடம் இருந்தது.
எந்த நிலையத்திலோ இறங்கிப்போய்விட்டது.
‘சீனி’ என்றேன்.
அவன் படிவத்தில் எழுதினான்:
பெயர், சீனி.

எதிரில் ஒரு சின்னப் பையன்.
மடியில் பொதி நிறைய ஜெலிக் கரடிகள்.
கேட்கவில்லை.
கையை விட்டேன், அள்ளினேன்,
வாயில் போட்டேன், மறுபடியும் அள்ளினேன்.
பையன் வீரிட்டான். தாய் எழுந்தாள்.
ரிக்கெற்காரன் என் தோளைப் பிடித்தான்.
பிடிக்கட்டும். மென்றுகொண்டே இருந்தேன்,
பசித்த மிருகம் வெட்கப்படுமா?

முதலில் திரும்பி வந்தது பச்சை நிறம்.
பிறகு பையனின் முகம்.
மன்னிப்புக் கேட்கும் ஜெர்மன் சொல்
வோவிங்கல் வரும்போதுதான் வந்தது.
தாய்க்கு வில்லையைக் காட்டினேன்.
அவள் ஒன்றும் சொல்லாமல்
மிச்சப் பொதியையும் என் கையில் திணித்தாள்.
பையன் இன்னும் மன்னிக்கவில்லை. அவன் பக்கம் நியாயம்.
பொதியின் பின்னால் வாசித்தேன்:
ஜெலட்டின், பன்றி.
நீயா, மறுபடியும்?

அறுபது யூரோத் தண்டம்.
மாதச் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டினால் ஏழு.
காட்டினேன், கட்டினேன்.
திருமதி சீனி என்ற அந்தத் தாள்
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது.

இரவு மூன்று மணிக்கு அலாரம்.
குகதாசன் இருட்டிலேயே உறிஞ்சியைக் குத்தி
பெட்டியை என் வாயருகே நீட்டுகிறார்.
கால்மணி போனதும் கேட்கிறார்,
எவ்வளவு?
கலியாணம் முடித்த காலத்திலிருந்து
இவ்வளவு அடிக்கடி என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

நூற்றுப் பதினெட்டு, என்கிறேன்.
காணும், என்றுவிட்டு
மறுபக்கம் திரும்பிப் படுக்கிறார்.